எத்தனை வருடம் பிரிந்திருந்தால் விவாகரத்து கிடைக்கும்? துணை சம்மதிக்காதபோது சட்டம் கேட்பது என்ன

‘ஏழு வருஷம் சேர்ந்து வாழலைன்னா கல்யாணம் தானா ரத்தாயிடும்’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மூன்று வருடம் என்று சொல்பவர்களும் உண்டு. கணவரோ மனைவியோ விவாகரத்துக்குச் சம்மதிக்காமல் இருக்கும்போது, இந்தப் பேச்சை நம்பி வருடங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. பத்து வருடம் தனித்தனியாக இருந்தாலும், இருபது வருடம் இருந்தாலும், நீதிமன்றம் தீர்ப்பு எழுதும்வரை நீங்கள் கணவன் மனைவிதான். அதற்குள் இன்னொரு திருமணம் செய்தால், இந்து திருமணச் சட்டப்படி அந்தத் திருமணம் செல்லாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்திலும் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது ஏழு வருடம் வரை சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றம்.

அந்த ஏழு வருடப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. கணவரோ மனைவியோ உயிரோடு இருப்பதாக, கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் யாருமே ஏழு வருடங்களாகக் கேள்விப்படவில்லை என்றால், அதைக் காரணமாகச் சொல்லி விவாகரத்து மனு போடலாம். காணாமல் போனவர்களுக்கான வழி அது. உங்கள் கணவர் பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கிறார், மனைவி திருப்பூரில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்திருந்தால் அது உங்களுக்குப் பொருந்தாது. துணை காணாமல் போன வழக்கிலும் மனு போட்டு, நிரூபித்து, தீர்ப்பு வாங்க வேண்டும். எதுவும் தானாக நடப்பதில்லை.

அப்படியென்றால் பிரிந்து வாழ்ந்த காலத்துக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் பிரிந்திருந்தீர்கள் என்பதோடு சட்டம் நிறுத்துவதில்லை. யார் விலகினார், எதற்காக விலகினார், மற்றவர் அதற்குச் சம்மதித்தாரா என்றெல்லாம் கேட்கும். இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்குப் பொருந்தும் இந்து திருமணச் சட்டம் 1955-ஐ வைத்து முதலில் பார்ப்போம். மற்ற மதத்தவர்களுக்கான சட்டங்களைப் பிறகு தொடுகிறேன்.

இரண்டு வருடக் கைவிடுதல்

சம்மதிக்காத துணையிடமிருந்து விவாகரத்து பெற, பிரிந்த காலத்தை நேரடியாகக் கணக்கில் எடுக்கும் காரணம் கைவிடுதல். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இது இருக்கிறது. மனு போடும் நாளுக்கு முன்பு தொடர்ச்சியாக இரண்டு வருடத்துக்குக் குறையாமல் துணை உங்களைக் கைவிட்டிருக்க வேண்டும். 1976-க்கு முன்பு இந்தக் காரணத்தைச் சொல்லி நேரடியாக விவாகரத்து கேட்க முடியாது, நீதிமன்றப் பிரிவுதான் (திருமணம் அப்படியே இருக்க, சேர்ந்து வாழும் கடமையை மட்டும் நீக்கும் தீர்ப்பு) கேட்கலாம். அந்த வருடத் திருத்தத்தில்தான் இது விவாகரத்துக்கான காரணமாக மாறியது.

கைவிடுதல் என்று நிரூபிக்க நான்கு விஷயங்கள் கூடி வர வேண்டும். விலகிப் போனவர் உண்மையிலேயே பிரிந்து வாழ வேண்டும். இனி இந்த வாழ்க்கை வேண்டாம் என்ற நிரந்தர எண்ணமும் அவருக்கு இருக்க வேண்டும். மனு போடுபவர் பக்கத்தில், அவர் அந்தப் பிரிவுக்குச் சம்மதித்திருக்கக் கூடாது. துணை வீட்டை விட்டுப் போகும்படியான காரணத்தை அவரே உண்டாக்கியிருக்கவும் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு வருடம் வெறும் இரண்டு வருடம்தான், வழக்கு நிற்காது.

ஓர் உதாரணம். கலா, முருகன் என்று ஒரு தம்பதி. 2022 ஜனவரியில் வளைகாப்பு முடிந்து கலா தாய் வீட்டுக்குப் போகிறார். ஏப்ரலில் குழந்தை பிறக்கிறது. ஜூலையில் முருகன் அழைக்கிறார், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார் கலா. அக்டோபரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும்போது, ‘நான் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேன்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார். முருகன் 2024 ஜனவரியில் ‘இரண்டு வருடம் ஆயிற்று’ என்று மனு போட்டால் என்ன ஆகும்? பிரசவத்துக்குத் தாய் வீடு போவது கைவிடுதல் ஆகாது. திரும்பி வரும் எண்ணத்தோடு போனவருக்கு, போன பிறகு மனம் மாறியது. அந்த எண்ணமும் பிரிந்த நிலையும் ஒன்றுசேர்ந்த அக்டோபரிலிருந்துதான் கடிகாரம் ஓடும். அதாவது 2024 அக்டோபருக்குப் பிறகு போட்டால்தான் இரண்டு வருடம் நிறைந்திருக்கும். சில மாதம் முந்திப் போட்டதாலேயே கைவிடுதல் என்ற காரணம் தோற்றுப்போகலாம்.

இதே காரணத்தால்தான் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய் மூன்று வருடம் ஊர் திரும்பாத கணவரைக் கைவிட்டவர் என்று உடனே சொல்லிவிட முடியாது. பணம் அனுப்புகிறார், பேசுகிறார் என்றால் அது பிழைப்புக்கான பிரிவு. அழைப்பதை நிறுத்தி, செலவுக்கு அனுப்புவதையும் நிறுத்தி, ‘இனி என்னைத் தேடாதே’ என்று சொல்லிவிட்டால் கதை மாறுகிறது. வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதும் கைவிடுதலில் அடங்கும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

கதையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். முருகன் கலாவை அடித்தார், நகை கேட்டு அவர் வீட்டில் துன்புறுத்தினார்கள், அதனால் கலா வெளியேறினார். இப்போது வீட்டை விட்டுப் போனவர் கலா. ஆனால் சட்டத்தின் கண்ணில் கைவிட்டவர் முருகன். வாழ முடியாத நிலையை உண்டாக்கித் துணையை வெளியேறச் செய்தவர்தான் கைவிட்டவர். கைவிடுதல் என்பது ஒரு வீட்டை விட்டு நடந்து போவதைப் பற்றியது அல்ல, மணவாழ்க்கையின் கடமைகளிலிருந்து விலகுவதைப் பற்றியது என்று நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ‘நீயாகத்தானே போனாய், இனி உனக்கு எந்த உரிமையும் இல்லை’ என்ற மிரட்டலைக் கேட்டு எத்தனையோ பெண்கள் வாயடைத்துப் போகிறார்கள். அந்த மிரட்டலுக்குச் சட்ட பலம் இல்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று. அடி, வதை, தொடர்ந்த அவமானம் என்று நடந்திருந்தால், கொடுமை என்ற காரணத்தைச் சொல்லியே மனு போடலாம். அதற்கு இரண்டு வருடக் காத்திருப்பு இல்லை. திருமணமாகி ஒரு வருடத்துக்குள் விவாகரத்து மனு போட முடியாது என்ற பொதுவிதி மட்டும் உண்டு. அதற்குள்ளும், தாங்க முடியாத துன்பம் என்றால் நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி கேட்கலாம். தேவையே இல்லாமல் இரண்டு வருடம் பொறுத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்மதித்துப் பிரிந்தால்?

இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், ‘இனி அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொள்வோம், ஒருவர் விஷயத்தில் மற்றவர் தலையிட மாட்டோம்’ என்று முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நம் பக்கம் சகஜம். நோட்டரி முத்திரையும் குத்தியிருந்தால் விவாகரத்தே ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. சில சமூகங்களில் தொன்றுதொட்டு வரும் தீர்த்துவிடும் வழக்கத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஏற்கிறது, உண்மைதான். ஆனால் உங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் நீண்டகாலமாக மாறாமல் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது லேசான காரியம் இல்லை.

அந்தத் தாள் உதவாது என்பதோடு போகாமல், உங்களுக்கு எதிராகவும் திரும்பும். கைவிடுதல் என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் துணை விலகியிருக்க வேண்டும். நீங்களே பிரிந்து வாழச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், பிறகு ‘என்னைக் கைவிட்டார்’ என்று சொல்ல முடியாது. ஜீவனாம்ச வழக்கிலும் இது இடிக்கும். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு மாதாந்திரப் பராமரிப்புத் தொகை கிடையாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. எனவே அப்படிப்பட்ட தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

1956-ல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்ன பம்பாய் வழக்கு ஒன்று இந்த விஷயத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கணவரின் நண்பருக்கு மனைவி எழுதிய கடிதம் ஒன்று கணவர் கையில் சிக்குகிறது. சண்டையாகி 1947 மே மாதம் மனைவி பெற்றோர் வீட்டுக்குப் போகிறார். இரண்டே மாதத்தில் கணவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். பிறகு மனைவியைத் திரும்ப அனுப்பும் முயற்சி நடந்தபோது, அனுப்பாதீர்கள் என்று கணவர் தந்தி அடிக்கிறார். சில வருடம் கழித்து, மனைவி தன்னைக் கைவிட்டதாக வழக்குப் போடுகிறார். மனைவி வீட்டை விட்டுப் போனது உண்மை, பிரிந்திருந்ததும் உண்மை. ஆனால் நிரந்தரமாக விலகும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, திரும்பி வர முயன்றபோது கணவர்தான் தடுத்தார் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் விவாகரத்தை மறுத்தது. திரும்பி வர நேர்மையாக முன்வருபவரைத் தடுத்துவிட்டு, கைவிட்டார் என்று பேச முடியாது.

இது இன்றைக்கும் நடைமுறையில் முக்கியம். மனு போடுவதற்கு முன் துணை உண்மையான மனதோடு வந்து ‘சேர்ந்து வாழ்கிறேன்’ என்றால், அதோடு கைவிடுதல் முடிந்துவிடும். ஒன்றரை வருடம் பிரிந்து, மறுபடி சேர்ந்து குடும்பம் நடத்தி, மீண்டும் பிரிந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். குழந்தையின் காதுகுத்துக்கு வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போவது சேர்ந்து வாழ்வது ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தர்ப்பங்களில் நீதிபதி சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்வார்.

எப்படி நிரூபிப்பது?

நிரூபிக்கும் பொறுப்பு மனு போடுபவருடையது. எதிர்த்தரப்பு நோட்டீஸை வாங்காமல், கோர்ட்டுக்கே வராமல் இருந்து வழக்கு எக்ஸ்பார்ட்டி (ஒரு தரப்பை மட்டும் வைத்து நடக்கும் விசாரணை) ஆனாலும் இது மாறாது. நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், ஆவணம் காட்ட வேண்டும், நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். அதே சமயம், கொலை வழக்கில் கேட்பது போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்றுதான் பார்ப்பார்கள்.

அதனால் பிரிந்த முதல் நாளிலிருந்தே காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ‘வந்துவிடு’ என்று அழைத்தது, அதற்கு வந்த பதில், பதிலே வராமல் போனது எல்லாம் பின்னால் பேசும். பஞ்சாயத்துப் பேச்சு நடந்தால் தேதியையும் யார் யார் இருந்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அவர்களில் ஒருவராவது நாளை சாட்சி சொல்ல வரக்கூடியவராக இருக்க வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அதற்கான ரசீதும், மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும். வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், முகவரி மாறிய ஆதார் போன்றவை எப்போதிலிருந்து தனித்தனியாக இருக்கிறீர்கள் என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டிவிடும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் அனுப்புவது நல்லது. ‘இன்ன தேதியிலிருந்து நீங்கள் காரணமில்லாமல் விலகியிருக்கிறீர்கள், சேர்ந்து வாழ வாருங்கள்’ என்ற நோட்டீஸும் அதற்கு வரும் பதிலும் சேர்ந்து, யாருக்கு எண்ணம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதைக் காட்டிவிடும். மனமில்லாமல் பேருக்கு அழைக்கும் நோட்டீஸ் மட்டும் வேண்டாம். மறுபக்கம் ‘சரி, வருகிறேன்’ என்று பதில் போட்டால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

மனு போட்ட பிறகு குடும்ப நல நீதிமன்றத்தில் முதலில் கவுன்சலிங் இருக்கும், சமரச மையத்துக்கும் அனுப்பலாம். அதை வெறும் சடங்கு என்று பலர் எரிச்சல்படுகிறார்கள். ஆனால் சம்மதிக்கவே மாட்டேன் என்றவர்கள் அங்கே உட்கார்ந்து பேசி, குழந்தை யாரிடம், பணம் எவ்வளவு என்று முடிவு செய்து, வழக்கைப் பரஸ்பர சம்மத மனுவாக மாற்றிக்கொள்வதும் உண்டு. அதற்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும். மனு போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் ஒரே கூரையின் கீழ் இருந்த காலமும் இந்த ஒரு வருடத்தில் சேரும். ஆனால் தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

தீர்ப்புக்குப் பின் ஒரு வருடம்

பிரிந்த காலம் நேரடியாகக் கணக்கில் வரும் இன்னொரு வழியும் இருக்கிறது. இது இரண்டு படிகள் கொண்டது, அதிகம் பேருக்குத் தெரியாது.

விவாகரத்துக்குப் பதிலாக முதலில் நீதிமன்றப் பிரிவு கேட்கலாம். திருமணம் அப்படியே இருக்கும், சேர்ந்து வாழும் கடமை மட்டும் நீங்கும். விவாகரத்துக்கான அதே காரணங்கள்தான் இதற்கும், ஆனால் முதல் வருடத்தில் போடக் கூடாது என்ற தடை இதற்கு இல்லை. அந்தத் தீர்ப்பு வந்து ஒரு வருடமாகியும் இருவரும் சேர்ந்து வாழவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம். சேர்ந்து வாழ மனு போட்டுத் தீர்ப்பு வாங்கியிருந்தாலும் இதே கதைதான். தீர்ப்பு வந்து ஒரு வருடம் சேராமல் இருந்தால் விவாகரத்து கேட்கும் வழி திறக்கிறது. இந்த இடைவெளி முன்பு இரண்டு வருடமாக இருந்தது, 1976-ல் ஒன்றாகக் குறைத்தார்கள்.

தோற்றவர்கூட இந்த வழியில் விவாகரத்து கேட்கலாம் என்பது விசித்திரமாகத் தோன்றும். 1964-ல் கொண்டுவந்த திருத்தம் அப்படி அனுமதிக்கிறது. ஆனால் ஒரு கடிவாளம் உண்டு: தன் தவறிலிருந்தே யாரும் பயன் அடையக் கூடாது. 2001-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்ததால் மனைவி நீதிமன்றப் பிரிவு வாங்கியிருந்தார். கணவர் அதன் பிறகும் அந்தத் தொடர்பைத் தொடர்ந்தார், கோர்ட் உத்தரவிட்ட பராமரிப்புத் தொகையையும் கட்டவில்லை. ஒரு வருடம் கழிந்துவிட்டது, விவாகரத்து கொடுங்கள் என்று அவரே வந்து நின்றார். உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இங்கேயும் பாருங்கள், ஒரு வருடம் கழிந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த வருடத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் பார்த்தார்கள்.

சேர்ந்து வாழத் தீர்ப்பு வந்துவிட்டால் போலீஸ் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் விட்டுவிடும் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காது, யாரையும் உடலளவில் கட்டாயப்படுத்த முடியாது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் மனைவி திரும்பிப் போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய ஜீவனாம்ச உரிமை போய்விடாது, போகாததற்குத் தகுந்த காரணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இருபது வருடம் பிரிந்திருந்தாலுமா?

கைவிடுதலும் நிரூபணமாகவில்லை, தீர்ப்பு எதுவும் முன்பு வாங்கவில்லை. ஆனால் இருபது வருடமாகத் தனித்தனியாக இருக்கிறார்கள், சேர வாய்ப்பே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு என்ன வழி? இந்து திருமணச் சட்டத்தில் ‘மீட்க முடியாதபடி முறிந்த திருமணம்’ என்று ஒரு காரணம் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1978-லேயே பரிந்துரைத்தது, 2009-ல் மறுபடியும் சொன்னது. 2010-ல் ஒரு மசோதா வந்தது. மூன்று வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் மனு போடலாம், மனைவி தனக்குப் பெரும் பணக்கஷ்டம் வரும் என்று எதிர்க்கலாம் என்பது அதன் சாரம். 2013-ல் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் நிறைவேறுவதற்குள் அவை கலைந்து, மசோதா காலாவதியாகிவிட்டது.

வருமானம் இல்லாத பெண்களைக் கணவர்கள் சுலபமாகக் கழற்றிவிட இது வழியாகிவிடும் என்ற பயம் அப்போது எழுந்தது. நியாயமான பயம்தான். ஆனால் இன்றைய நிலையில் என்ன நடக்கிறது? எப்போதோ முடிந்துபோன உறவை முறிக்க, ஒருவர் மேல் ஒருவர் சேறு வாரி இறைத்தால்தான் வழக்கு நிற்கும். சாதாரணமாகப் பிரிந்துபோயிருக்க வேண்டிய இரண்டு பேர் மனுவிலும் எதிர்மனுவிலும் பழி எழுதி எழுதிப் பகையாளிகள் ஆகிவிடுகிறார்கள், நடுவில் குழந்தைகள் நசுங்குகிறார்கள். சொத்தில் பங்கும் பராமரிப்பும் உறுதியாகத் தரும் விதிகளோடு அந்த மசோதா திரும்ப வர வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் செய்யாததை நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வருகின்றன. மிக நீண்டகாலப் பிரிவு, பெயரளவில் மட்டும் மிஞ்சியிருக்கும் திருமணம், அதை முறிக்க மறுப்பது ஆகியவை சேர்ந்து மனரீதியான கொடுமை ஆகலாம் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஏப்ரலில் வந்த இன்னொரு வழக்கில், நான்கு வருடம் சேர்ந்தும் இருபத்தைந்து வருடம் பிரிந்தும் இருந்த தம்பதிக்கு, அந்த நிலையே இருவருக்கும் கொடுமை என்று சொல்லித் திருமணத்தை முறித்தது. அதனால் பிரிந்து பல வருடம் ஆனவர்கள், கைவிடுதலோடு கொடுமை என்ற காரணத்தையும் மனுவில் சேர்ப்பதைப் பற்றி வக்கீலிடம் கேட்க வேண்டும்.

அடுத்த மாதமே, 2023 மே 1 அன்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு வந்தது. அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவில் உள்ள சிறப்பு அதிகாரத்தை வைத்து, ஒருவர் எதிர்த்தாலும்கூட, மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை உச்ச நீதிமன்றம் கலைக்கலாம் என்றது. ஆறு வருடமோ அதற்கு மேலோ பிரிந்திருப்பது கவனிக்க வேண்டிய ஒரு அம்சம் என்றும் அதில் இருக்கிறது. இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ‘ஆறு வருஷம் ஆனா போதுமாம்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். உங்கள் மாவட்டக் குடும்ப நல நீதிமன்றத்துக்கும் இல்லை, உயர் நீதிமன்றத்துக்கும் இல்லை. ரிட் மனு போட்டு நேராக உச்ச நீதிமன்றத்தில் போய்க் கேட்கவும் முடியாது. அங்கே போய்ச் சேர்ந்த வழக்குகளிலும் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிபதிகள் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் தருவார்கள்.

மற்ற சட்டங்களில்

சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் கீழ் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும் கைவிடுதலுக்கு இரண்டு வருடம்தான், தீர்ப்புக்குப் பின் ஒரு வருட வழியும் உண்டு. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தில் 2001 திருத்தத்துக்குப் பின் இரண்டு வருடக் கைவிடுதல் ஒரு காரணம். சேர்ந்து வாழத் தீர்ப்பு வந்தும் இரண்டு வருடம் சேரவில்லை என்றால் அதுவும் ஒரு காரணம். முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. கணவர் நான்கு வருடம் இருக்குமிடம் தெரியாமல் போனாலும், இரண்டு வருடம் பராமரிக்காமல் விட்டாலும், தகுந்த காரணமின்றி மூன்று வருடம் மணவாழ்க்கைக் கடமைகளைச் செய்யாமல் இருந்தாலும் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்புபவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் ஒருவர் மட்டுமே மனு போட்டு விவாகரத்து வாங்கலாம். கனடாவிலும் ஒரு வருடம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முன்பு துணை சம்மதித்தால் இரண்டு வருடம், சம்மதிக்காவிட்டால் ஐந்து வருடம் என்று இருந்தது. 2022 ஏப்ரல் 6 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள், திருமணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தால் ஒருவர் சொன்னாலே போதும். இவை அந்தந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு. மதுரையில் இந்து முறைப்படி தாலி கட்டிவிட்டு, டொராண்டோவில் இருக்கும் கணவர் அங்கே ஒருதலையாக விவாகரத்து வாங்கினால், அது இங்கே தானாகச் செல்லுபடியாகாது. இந்தியாவில் எந்தச் சட்டப்படி திருமணம் நடந்ததோ அந்தச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி அந்த வழக்கில் கலந்துகொண்டு எதிர்வாதம் செய்யாமல் வந்த வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், பதில் போடுவதற்கு முன்பே இங்கே வக்கீலைப் பாருங்கள். பதில் போடுவது அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு நீங்கள் கட்டுப்பட்டதாக ஆகிவிடலாம்.

காத்திருக்கும் காலத்தில்

இரண்டு வருடம் நிறையட்டும் என்று காத்திருக்கும்போது வேறு எதையும் கேட்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. மனைவிக்கும் குழந்தைக்கும் மாதாந்திரப் பராமரிப்பு கேட்க விவாகரத்து வழக்கு தேவையே இல்லை. பிரிந்த உடனே கேட்கலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன் கீழ் கணவர் வீட்டில் வசிக்கும் உரிமையும் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். நகையும் சீரும் பெண்ணுடையவை, வீட்டை விட்டு வந்ததால் அவற்றின் மேல் உரிமை போகாது. வழக்கு நடக்கும்போது இடைக்காலப் பராமரிப்பையும் செலவையும் வருமானமில்லாத கணவரும் மனைவியிடம் கேட்கலாம் என்று இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. மனைவி கைவிட்டார் என்று விவாகரத்து ஆனபின்னும், மறுமணம் செய்யாமல், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் அவர் பராமரிப்பு கேட்க முடியும் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எங்கே மனு போடுவது என்ற கேள்வி அடிக்கடி வரும். திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், இவற்றில் எதிலும் போடலாம். மனைவி மனு போடுவதாக இருந்தால் இப்போது அவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம், 2003-லிருந்து இந்த வசதி இருக்கிறது. கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருக்கும் பெண் வாய்தாவுக்கு வாய்தா வேறு மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதால் தள்ளிப் போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு, குறைந்த வருமானம் உள்ள ஆண்களுக்கும் உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனால் மனு வாங்கிக்கொண்டு ஒரு வக்கீலை நியமித்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது திருமணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்றிதழ், திருமணப் புகைப்படம், ஆதார், பிரிந்த தேதியைக் காட்டும் ஏதாவது ஒரு காகிதம் எடுத்துக்கொண்டு போங்கள்.